ஏழாம் இருக்கையும் என் சிவப்பு விளக்கும்

ஏதோ ஒரு நாட்டுப் பாராளுமன்றத்தில் யாரோ ஓர் உறுப்பினர் தப்பான பட்டனை அமுக்கி, தோற்கடிக்க வந்த மசோதாவை ஜெயிக்க வைத்துவிட்டார் என்று அவ்வப்போது பேப்பரில் வரும். ஊரே சிரிக்கும். நான் சிரிக்கமாட்டேன். அந்த மனிதர் அன்றைக்கு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார், கதவைத் திறந்த மனைவி முதல் வார்த்தையாக என்ன சொல்லியிருப்பார் என்றுதான் யோசிப்பேன். இது கருணை அல்ல, அனுபவம். நானும் ஒரு தடவை அமுக்கியிருக்கிறேன்.

அந்த வெளிநாட்டு உறுப்பினர்களாவது வக்கீல்களாகவோ வாத்தியார்களாகவோ இருந்திருப்பார்கள். பட்டனோடு அவர்களுக்கு என்ன பழக்கம்? நான் கச்சிராயபாளையத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருப்பவன். சுவிட்ச், பிளக், ஹோல்டர், வயர் என்று விற்றுத்தான் ஒரே மகளைக் காலேஜ் வரை படிக்க வைத்தேன். மீன் விற்கிறவன் தண்ணீரில் தவறி விழுந்தால்கூட ஒரு நியாயம் இருக்கிறது. நான் விழுந்தது சுவிட்ச் போர்டில்.

அப்போது நான் கள்ளக்குறிச்சியில் கூடும் ஒரு கவுன்சிலில் உறுப்பினர். (எந்தக் கவுன்சில் என்று எழுதமாட்டேன். எனக்கு இன்னும் டீ வாங்கித் தருகிற இரண்டு பேர் அங்கே இருக்கிறார்கள்.) சுயேச்சையாக நின்றேன். மின்விளக்குச் சின்னம் கேட்டேன், கத்தரிக்காய் கொடுத்தார்கள், ஆனாலும் ஜெயித்தேன். மொத்தம் பதினைந்து உறுப்பினர்கள். மலையடிவாரத்து ஆட்களும் உண்டு, கல்வராயன் மலை மேலிருந்து வருகிறவர்களும் உண்டு. அப்படி மேலிருந்து வந்தவர்தான் அலமேலு.

ஒரு நாள் அலமேலு கடைக்கு வந்தார். கல்லாவுக்கு முன்னால் ஒரு பலாப்பழத்தை இறக்கி வைத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பாய், கொடாம்பட்டு ஓடைக்குப் பாலம் கேட்டு தீர்மானம் போட்டிருக்கேன். இந்தத் தபா ஓட்டுக்கு வருது."

கொடாம்பட்டு மலைமேல் ஒரு சின்ன ஊர். ஊருக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஓடை. வெயில் காலத்தில் அது ஓடை மாதிரியே இருக்காது, ஆடு படுத்திருக்கும். மழை வந்தால் மூன்று நாளைக்கு யாரும் தாண்ட முடியாது.

"போன மழையில எங்க சித்தி பொண்ணுக்கு வலி வந்துடுச்சு," என்றார் அலமேலு. "கட்டில்ல வச்சித் தூக்கிக்கினு போனாங்க. பாதி ஓடையிலயே புள்ள பொறந்துடுச்சு. பேரு இன்னா வச்சாங்க தெரியுமா? கங்கா."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நல்லபடியா பொறந்ததால பேரு வச்சாங்க பாய். இப்ப அவ மறுபடியும் மாசமா இருக்கா."

என் சிரிப்பு பாதியில் நின்றது. அலமேலு விரல் விட்டு எண்ணினார். சேர்மன் குணசேகரனுக்கு ஊர் நுழைவாயிலில் பெரிய வளைவு ஒன்று கட்டியாக வேண்டும், அதில் அவர் பெயர் வர வேண்டும். பாலம், வளைவு இரண்டில் ஒன்றுக்குத்தான் நிதி இருந்தது. பாலத் தீர்மானம் தோற்றால் வளைவு எழும்பும். சேர்மன் பக்கம் ஏழு பேர். பாலத்தின் பக்கம் எட்டு.

"அந்த எட்டாவது ஆளு நீங்கதான் பாய். கை விட்ராதீங்க."

"அட, கவலப்படாதீங்கம்மா," என்றேன். "இந்தத் தடவ கை தூக்கறதுகூட இல்ல, மிஷினாம். பட்டன் அமுக்கறதுதான? முப்பது வருஷமா எனக்கு அதான பொழப்பு."

இந்த வாக்கியத்தை என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். அவள் குறித்துக்கொண்டாள்.

மிஷின் வந்த கதை இதுதான். அதுவரை எங்கள் கவுன்சிலில் கை தூக்கித்தான் ஓட்டு. கை தூக்குவதற்கு முன்னால் எல்லாரும் சேர்மனின் புருவத்தைப் பார்ப்பார்கள். இது நவீன ஜனநாயகத்துக்கு ஒத்துவராது என்று செயலாளர் அம்மா முடிவு செய்து, பக்கத்து இன்ஜினியரிங் காலேஜ் பேராசிரியர் ஒருவரைப் பிடித்தார். டெல்லிப் பாராளுமன்றத்தில் இருக்கிற மாதிரியே ஒன்றைச் சோதனைக்காகச் செய்து கொண்டுவந்து பூட்டினார் பேராசிரியர். ஒவ்வொரு மேசையிலும் ஒரு பெட்டி. வெள்ளைப் பட்டன் ஒன்று, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. எதிரே சுவரில் பெரிய திரை. அதில் பதினைந்து பெயர்களும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வட்டமும்.

அன்றைக்கு எனக்கிருந்த பரபரப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, அத்தர் வேறு. ஏதோ சட்டமே இயற்றப் போகிற மாதிரி படியேறினேன். மேசையில் 'நூருல்லா' என்று என் பெயர்ப்பலகை, இருக்கை எண் ஏழு. ஹாலில் ஒழுங்காக ஓடுகிற ஒரே ஃபேனுக்கு நேர் கீழே. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

பேராசிரியர் விளக்கினார். "மூணு விஷயம்தான் சார். ஒண்ணு, அவங்கவங்க இருக்கையிலேருந்துதான் ஓட்டு போடணும், மிஷினுக்கு ஆளைத் தெரியாது, இருக்கையைத்தான் தெரியும். ரெண்டு, மணி அடிச்சதும் ஒரு கையால வெள்ளை, இன்னொரு கையால பச்சையோ சிவப்போ, ரெண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கணும். மூணு, ரெண்டாவது மணி அடிக்கிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. நடுவுல மாத்திக்கலாம். கடைசியா எதைப் பிடிச்சிருக்கீங்களோ அதுதான் கணக்கு."

முதல் விஷயத்தை அவர் சொன்னபோது நான் கவனிக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து வயரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (மட்டமான வயர். பக்கத்து இருக்கைக்காரரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். "இதெல்லாம் ரெண்டு மாசம் தாங்காது, ஜாயிண்ட்டப் பாருங்க.") விதிகளை அச்சடித்து ஆளுக்கொரு தாளும் கொடுத்தார்கள். என் தாளில் நான் வடையை வைத்தேன்.

முதலில் ஒரு ஒத்திகை ஓட்டு. 'மதியச் சாப்பாட்டில் பாயசம் வேண்டுமா?' மணி அடித்தது. ஒருவர் பட்டனை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கப் போனார். ஒருவர் ஒரு கையில் டீயோடு மறு கையை மட்டும் உபயோகித்தார். முடிவு: ஆம் ஒன்பது, இல்லை இரண்டு, பதிவாகாதது மூன்று. பாயசம் வேண்டாம் என்று போட்ட அந்த இரண்டு பேர் யார் என்று பத்து நிமிஷம் விசாரணை நடந்தது. இருவரும் பாயசப் பிரியர்கள். என் பெயருக்கு நேரே மட்டும் பச்சை அழகாக, அலுங்காமல் எரிந்தது. அலமேலுவைப் பார்த்து ஒரு புன்னகை விட்டேன். தொழில் தெரிந்தவனின் புன்னகை.

(கூட்டினால் பதினான்குதானே வருகிறது என்று கேட்பீர்கள். பதினைந்தாவது ஆள் இன்னும் வந்து சேரவில்லை.)

அவர்தான் பெரியவர் வரதப்பன். மணலூர்பேட்டைக்காரர், எண்பதை நெருங்குகிறவர், சேர்மனுக்கு உயிரைக் கொடுக்கிற ஆள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்து, ஃபேனுக்குக் கீழே என் மேசையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"இன்னா வெயிலு, இன்னா வெயிலு..."

எங்கள் பக்கத்தில் ஒரு வயதானவர் முன்னால் வந்து நின்றால், அடுத்த விநாடி நம் கால் தானாக எழுந்துவிடும். மூளையைக் கேட்காது.

"ஐயா, குந்துங்க. இங்க காத்து நல்லா வரும்."

"நீ?"

"நா உங்க எடத்துக்குப் போறேன், அதுக்கென்ன?"

அதுக்கென்ன! அவர் ஏழாம் இருக்கையில் உட்கார்ந்தார். நான் கடைசி மூலையில் ஜன்னலோரம் இருந்த அவருடைய பன்னிரண்டாம் இருக்கையில் போய் உட்கார்ந்து, ஒரு நல்ல காரியம் செய்த மனநிறைவோடு சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். பேராசிரியர் அப்போது சேர்மனுக்கு வெள்ளைப் பட்டன் எது என்று மூன்றாவது தடவையாகக் காட்டிக்கொண்டிருந்தார்.

சாப்பாடு, பாயசம் எல்லாம் இருந்த இடத்துக்கே வந்து முடிந்து, மூன்று மணி வாக்கில் செயலாளர் அம்மா தீர்மானத்தைப் படித்தார். "கொடாம்பட்டு ஓடையின் குறுக்கே பாலம் அமைத்தல். ஆம் என்பவர்கள் பச்சை, இல்லை என்பவர்கள் சிவப்பு."

மணி!

இடது கையால் வெள்ளை, வலது கையால் பச்சை. கச்சிதமாகப் பிடித்தேன். திரையில் வட்டங்கள் ஒவ்வொன்றாக எரிந்தன. குரூப் போட்டோ வந்தால் நம் முகத்தைத்தானே முதலில் தேடுவோம்? நானும் என் பெயரைத் தேடினேன்.

நூருல்லா. சிவப்பு.

குனிந்து விரலைப் பார்த்தேன், பச்சைமேல்தான் இருந்தது. நிமிர்ந்தேன், சிவப்புதான் எரிந்தது. வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள், கையைத் தூக்கியிருப்பார்கள். நான் அப்படிச் செய்யவில்லை. முப்பது வருஷ அனுபவம் எனக்குள் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னது: 'வயரை மாத்திக் குடுத்திருக்கானுங்க!' பச்சைக்குப் போக வேண்டியது சிவப்புக்குப் போயிருக்கிறது. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், ஃபேன் சுவிட்சைப் போட்டால் லைட் எரியும். வைத்தியம் சுலபம். மாற்றி அமுக்கினால் போதும்.

சட்டென்று விரலைச் சிவப்புக்கு மாற்றினேன். அமுக்கினேன். கட்டை விரல் வெளுக்கும்படி அமுக்கினேன்.

இரண்டாவது மணி அடித்தது. என் பெயருக்கு நேரே அப்போதும் சிவப்பு. வரதப்பன் பெயருக்கு நேரே அதுவரை பச்சையாக இருந்ததும் இப்போது சிவப்பு. அதை நான் கவனிக்கவே இல்லை.

ஆம் ஏழு. இல்லை எட்டு. தீர்மானம் தோல்வி.

அலமேலு திரையைப் பார்த்தார். என் பெயரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"ஐயா, ஒரு சின்ன..." என்று நான் எழுந்தேன். அதற்குள் சேர்மன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பாய்! நம்ம பாய்! நீங்க நம்ம பக்கம் வருவீங்கன்னு எனக்குத் தெரியும் பாய்!"

சேர்மன் காரில் ஸ்டெப்னி இருக்கிறதோ இல்லையோ, பொன்னாடை இருக்கும். கண் மூடித் திறப்பதற்குள் ஒன்று என் தோளில் விழுந்தது. கைதட்டல். யாரோ படம் எடுத்தார்கள். என் வாய் 'இல்லைங்க' என்று சொல்லத் திறந்த நொடியில் எடுத்ததால், படத்தில் நான் மகிழ்ச்சியில் வாய் பிளந்து நிற்பதுபோல் இருந்தது. இரண்டே நிமிஷத்தில் அது வாட்ஸ்அப்பில் மலையேறிவிட்டது. மூன்றாவது நிமிஷம் என் மனைவியின் போன்.

"ஏங்க, வளைவுல உங்க பேரையும் போடுறாங்களாமா?"

போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மலைக்குப் போகிற வெள்ளிமலை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அலமேலு. ஏறி அவருக்கு முன் சீட்டில் விழுந்து திரும்பினேன்.

"அம்மா, சத்தியமா நா பச்சையத்தான்..."

"பொன்னாட தொங்குது பாய். ஒழுங்கா போத்திக்குங்க."

அது இன்னும் என் தோளிலேயே இருந்தது. பஸ் நகர்ந்துவிட்டது. இறங்க எனக்குத் தோன்றவுமில்லை. பஸ்ஸில் பாதிப்பேர் கொடாம்பட்டு, மீதிப்பேர் அதற்கு அக்கம்பக்கம். எல்லார் கையிலும் போன், போனில் நான்.

"இவருதான அது?" என்றது ஒரு குரல்.

"இவரேதான். நேர்ல இன்னும் சின்னதா கீறாரு."

"எவ்ளோ குடுத்தாங்களாம்?"

"யாரும் ஒண்ணும் குடுக்கலமா!" என்று நான் பஸ் முழுவதற்கும் அறிவித்தேன். "மிஷினு ரிப்பேரு! வயரு மாறிப்போச்சு! பச்சைய அமுக்குனா சிவப்பு எரியுது!"

"மத்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான எரிஞ்சுது?" என்று அலமேலு கேட்டார். "பாயசத்துக்கு உங்களுக்கும் நல்லாத்தான எரிஞ்சுது?"

ஒரே பெட்டியில் காலையில் சரியாக இருந்த வயர் மதியத்துக்குள் எப்படி மாறும்? மண்டையைக் குடைந்தபடியே கச்சிராயபாளையத்தை நெருங்கிவிட்டோம். கண்டக்டர் வந்து என் தோளைத் தட்டினார்.

"பாய், இது லேடீஸ் சீட்டு. எழுந்து உங்க எடத்துக்குப் போங்க."

எழுந்தேன். எழுந்தவன் அப்படியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். உங்க எடம். என் எடம். ஏழு!

"அம்மா! நா என் எடத்துலயே இல்ல! பெரியவரு காத்துக்காக என் எடத்துல குந்திக்கினு இருந்தாரு! அந்தச் சிவப்பு அவருது! அதப் பாத்துட்டு நா அவரு எடத்துலயும் சிவப்ப அமுக்கிட்டேன்!"

பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "அப்ப மிஷினு நல்லாத்தான் கீதா?"

"மிஷினு நல்லாத்தான்மா கீது," என்றேன்.

அலமேலு பைக்குள் கையை விட்டு நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். நான் வடை வைத்தேனே, அதே விதித்தாள். அவர் அதைக் கடைசி வரி வரை படித்திருந்தார். விரலை வைத்துக் காட்டினார்: பதிவு தவறாகிவிட்டால், அன்றைக்கே, அலுவலகம் மூடுவதற்குள், சாட்சியோடு எழுதிக் கொடுத்தால் திருத்தலாம்.

மணி மூன்றே முக்கால்.

"நிறுத்துங்க!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். இறங்கினோம். நாங்கள் மட்டுமல்ல, கொடாம்பட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் மூட்டை முடிச்சோடு இறங்கினார்கள். "சாட்சி வேணும்ல?" என்றார் பின் சீட்டு அம்மா. (என்னத்துக்குச் சாட்சி என்று கேட்க எனக்குத் தெம்பில்லை.) எதிரே வந்த டவுன் பஸ்ஸை மறித்து ஏறினோம். டிரைவருக்கு விஷயம் சொல்லப்பட்டதும் பஸ் பறந்தது. பறந்து, ஒரு கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போய் நின்றது. ரெண்டு டிரெய்லர், ரோடு முழுக்கக் கரும்பு. எங்கள் ஆட்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்திய கத்தலில், டிராக்டர்காரர் பயந்து வயலோரம் ஒதுங்கி, நாங்கள் தாண்டும்போது கும்பிடு வேறு போட்டார். என் பொன்னாடையைப் பார்த்து ஏதோ பெரிய ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

நாலே முக்காலுக்கு ஆபீஸ். செயலாளர் அம்மா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேர்மன். நான் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்ததும் சேர்மன் சிரித்தார்.

"பாய், தோத்தப்புறம் கத சொன்னா எப்படி? பெரியவரு உங்க எடத்துல குந்துனாருன்னு யாரு பாத்தா? அவரு அப்பவே வூட்டுக்குப் போயிருப்பாரு."

"போன் போடலாமா?" என்றார் அலமேலு.

"அவருகிட்ட போன் ஏது?"

வாசலில் ஹாலைப் பூட்டப் போன வாட்ச்மேன் அப்போது திரும்பி வந்தார். "அம்மா, உள்ள ஒருத்தரு தூங்கிக்கினு இருக்காரு. பூட்டட்டா, எழுப்பட்டா?"

நாங்கள் மொத்தமாக உள்ளே பாய்ந்தோம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, 'நூருல்லா' என்ற பலகைக்குப் பின்னால், ஏழாம் இருக்கையில், வயிறு நிறையப் பாயசத்தோடு பெரியவர் வரதப்பன் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலகத்தில் எந்தக் குறட்டையும் என் காதில் அவ்வளவு இனிமையாக விழுந்ததில்லை.

செயலாளர் அம்மா மெதுவாக எழுப்பினார். "ஐயா, காலையிலேருந்து இதே எடத்துலதான் இருக்கீங்களா?"

அவர் கண்ணைக் கசக்கினார். சேர்மன் பின்னாலிருந்து தலையை இடமும் வலமும் ஆட்டிச் சைகை காட்டினார். பெரியவர் அதைப் பார்த்தார். தன் விசுவாசத்தைத்தான் சேர்மன் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"குணசேகரா, நீ ஏன் கவலப்படற? நா எழுந்திரிக்கவே இல்ல. பாய் எழுந்து எடம் குடுத்தாரு, குந்துனேன். மணி அடிச்சாங்க. நீ சொன்ன மாரியே, தோ, இந்தச் சிவப்பத்தான் அமுக்குனேன். வெரலு வலிக்க வலிக்க புடிச்சேன்."

விரலையும் தூக்கிக் காட்டினார். செயலாளர் அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்தார்.

திருத்தம் எழுதித் தரும்போது காரணத்தைத் தெளிவாக எழுத வேண்டும் என்றார் செயலாளர் அம்மா. எழுதினேன். 'என் இருக்கையில் நான் இல்லாததை உணராமல், வயர் மாறியிருக்கும் என்று தவறாகக் கருதி, வேண்டுமென்றே தவறான பொத்தானை அழுத்தினேன்.' கீழே பெயர், கையெழுத்து. தொழில் என்று ஒரு கட்டமும் இருந்தது. அதையும் நிரப்பினேன். ஆம் எட்டு, இல்லை ஏழு. கொடாம்பட்டு ஆட்கள் வராண்டாவில் போட்ட சத்தத்தில் பக்கத்து ஆபீஸ்காரர்கள் தேர்தல் முடிவு வந்துவிட்டதா என்று எட்டிப் பார்த்தார்கள். அலமேலு மட்டும் சத்தம் போடவில்லை. என் அருகில் வந்து, பொன்னாடையை என் தோளிலிருந்து எடுத்து, மடித்து, சேர்மன் கையில் கொடுத்தார்.

"வளைவுக்கு வச்சுக்குங்க," என்றார்.

பாலம் வந்துவிட்டது. திறந்து வைத்தது சேர்மன்தான். 'என் நெடுநாள் கனவு' என்று இருபது நிமிஷம் பேசினார். அலமேலுவின் சித்தி மகளுக்கு இரண்டாவது குழந்தை, ஓடையில் அல்ல, ஆஸ்பத்திரியில், கட்டிலில் பிறந்தது. மிஷினைப் பேராசிரியரே வந்து கழற்றிக்கொண்டு போனார். போகும்போது, 'ஜாயிண்ட் எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு' என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் மறந்துவிட்டார்கள், என் வீட்டைத் தவிர. போன வருஷம் திருக்கோவிலூரில் என் மகளுக்கு நிக்காஹ். மேடையில் மாப்பிள்ளை, சாட்சிகள், பெரியவர்கள். நிக்காஹ் நடத்தி வைக்கிற ஹஜ்ரத் தொண்டையைச் செருமிக்கொண்டு மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கப் போகிறார். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்த என் மனைவியிடமிருந்து ஒரு செய்தி:

'கேக்கறதுக்கு முன்னாடி மாப்பிள்ள அவரு எடத்துலதான் குந்தியிருக்காரான்னு ஒரு தடவ பாத்துக்குங்க.'

திரைக்குப் பின்னால் பெண்கள் கூட்டம் வெடித்துச் சிரித்தது. மணப்பெண்ணின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் விடச் சத்தமாகக் கேட்டது. ஹஜ்ரத் நிமிர்ந்து முறைத்தார். நான் கழுத்தை நீட்டி, மாப்பிள்ளை உட்கார்ந்திருந்த இடத்தை ஒரு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் 'கேளுங்க ஹஜ்ரத்' என்றேன்.